அறியாததைக் கொல்லலாமா?

ஐப்பசி மாரி தொடங்கிவிட்டால் திருகோணமலையில் மின்குமிழ் எரியும் வீடெல்லாம் பூச்சிகளின் சந்தையாகிவிடும். உப்புவெளியிலும் சரி, உள்துறைமுக வீதியிலும் சரி, தம்பலகாமத்து வயலோரத்து வீடுகளிலும் சரி, இராச்சாப்பாட்டு நேரத்தில் ஈசல் வரும், வண்டு வரும், இன்னதென்று பெயர் சொல்லத் தெரியாத இன்னும் எத்தனையோ வரும். "அம்மா, இது என்ன?" என்று பிள்ளை கேட்கும். பெரும்பாலான வீடுகளில் அதற்குக் கிடைக்கும் பதில் "பூச்சி" என்ற ஒற்றைச் சொல்தான். அடுத்த கணம் செருப்போ தும்புத்தடியோ விழும். கேள்வியும் பூச்சியும் ஒன்றாக முடிந்துபோகும்.

இதில் ஆராய என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். ஒரு பூச்சி செத்தால் என்ன? ஆயினும் இன்னதென்று அறியாத ஓர் உயிரை, அறியாமல் இருப்பதையே காரணமாகக் கொண்டு கொல்வது சரியா என்ற வினா அவ்வளவு அற்பமானதல்ல. அறிய முயலாததால் மனித உயிர்களே போன கதையும் நமது மாவட்டத்தில் உண்டு.

1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் விலங்குகளைப் பற்றிப் பேசுமிடத்தில் இரண்டு விடயங்களைச் சொல்கிறது. உணவுக்கும் உடைக்கும் மனிதன் அவற்றைப் பயன்படுத்துவது முறையே என்பது ஒன்று. தேவையின்றி அவற்றை வதைப்பதும் சாகடிப்பதும் மனித மாண்புக்கு ஒவ்வாது என்பது மற்றது. இது 2418ஆம் இலக்கத்தில் வருகிறது. இங்கே தவறு எதில் இருப்பதாகச் சொல்லப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பூச்சிக்கு வலிக்குமா, வலிக்காதா என்ற வாதத்துக்குள் நாம் போகத் தேவையில்லை. குறை விழுவது அடிப்பவனின் மாண்பில். முழுக் கட்டளையும் "தேவையின்றி" என்ற ஒரு சொல்லில்தான் தொங்குகிறது. ஆனால் எதிரில் இருப்பது எது, அது என்ன செய்யும் என்று தெரியாதவனுக்குத் தேவை இருக்கிறதா இல்லையா என்பது எப்படித் தெரியும்? அறியாதவன் தேவையைத் தீர்மானிப்பதில்லை. பயத்தைத்தான் தேவை என்று பெயர் மாற்றிக்கொள்கிறான்.

பழைய நன்னெறி நூல்களில் ஒரு வேட்டைக்காரன் அடிக்கடி வருவான். புதருக்குள் ஏதோ அசைகிறது. மானா மனிதனா என்று அவனுக்குத் தெரியவில்லை. சந்தேகம் தீரும்வரை அவன் சுடக்கூடாது என்பது எல்லா ஆசிரியர்களும் ஒப்புக்கொண்ட தீர்ப்பு. பூச்சி மனிதனல்ல, ஆகவே இந்த உதாரணத்தை அப்படியே இங்கு பொருத்த முடியாது. தொட்டிலில் குழந்தை கிடக்க, அதன் கழுத்தருகே அடையாளம் தெரியாத ஒன்று ஊர்வதைக் காணும் தாய் நூலைப் புரட்டிக்கொண்டு நிற்பாளா? தட்டிவிடத்தான் செய்வாள், அதில் குற்றம் காண்பவர் பிள்ளை வளர்த்தவராக இருக்கமாட்டார். ஆனால் நமது வீடுகளில் பூச்சிகளுக்கு விழும் அடிகளில் எத்தனை அந்தத் தாயின் அடி? சுவரில் சும்மா இருந்ததற்கும், வளவின் மூலையில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்ததற்கும் விழும் அடிகளே அதிகம். கடையில் வாங்கிய மருந்தை வளவெங்கும் விசிறுவதோ இன்னும் ஒருபடி மேலே போய்விடுகிறது. அங்கே எதை எதிர்த்து அடிக்கிறோம் என்ற கேள்விகூட எழுவதில்லை.

அந்தத் தாயைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "தட்டிவிடுவாள்" என்றுதான் எழுதினேன், "நசுக்குவாள்" என்று எழுதவில்லை. காரணம் உண்டு. மழைக்காலத்திலும் வயல் அறுவடையை அண்டிய நாட்களிலும் வெளிச்சத்துக்கு வரும் சிறு வண்டு ஒன்று இருக்கிறது. அரை விரலுக்கடையளவு நீளமும் இராது. மெல்லிய உடல், கறுப்பும் செம்மஞ்சளும் மாறிமாறி வரும், நடுவில் நீலமோ பச்சையோ மினுங்கும் குட்டைச் சிறகுமூடி. முதற் பார்வைக்கு எறும்பு என்றே தோன்றும். இது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. தோலில் வைத்து நசுக்கினால் மட்டும் அதன் உடல் நீர் தோலைச் சுட்டுவிடும். அன்றிரவு ஒன்றும் தெரியாது. ஒன்றிரண்டு நாள் சென்றபின் நெருப்புப் பட்டதுபோல் சிவந்து கொப்புளிக்கும். சிலந்தி எச்சமிட்டது, ஏதோ விஷப்பூச்சி கடித்தது என்று வீட்டார் பேசிக்கொள்வார்கள். உண்மையில் காயத்தை உண்டாக்கியது நசுக்கிய கைதான். ஊதிவிட்டால், அல்லது ஒரு கடதாசித் துண்டில் ஏற்றி வெளியே விட்டால் எந்தத் தீங்கும் இல்லை. நசுங்கிவிட்டால் உடனே சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும்; அந்தக் கையால் கண்ணைத் தொடக்கூடாது. இதே வண்டு வயலில் நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் தத்திகளைத் தின்று கமக்காரனுக்குச் சம்பளமில்லாத வேலைக்காரனாக இருக்கிறது. கந்தளாயிலும் மூதூரிலும் வயல் செய்வோர் கண்மூடி மருந்தடிக்கும்போது தத்தியோடு இதுவும் சாகிறது.

தொடாதவரை தீங்கு செய்யாத உயிர்களைப் பற்றிப் பேசும்போது நமது குடாவில் பிடிபட்ட ஒரு மனிதன் நினைவுக்கு வருகிறான். 1660ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் திகதி, புயலில் பாய்மரம் இழந்து கொட்டியாரக் குடாவுக்கு வந்திருந்த ஆங்கிலக் கப்பலின் தலைவர் ரொபட் நொக்ஸ் என்பவரும் அதே பெயர் கொண்ட அவருடைய மகனும் கண்டி மன்னனின் ஆட்களால் சிறைப்பட்டார்கள். வெள்ளையர் பிடிபட்ட இடம் என்று மூதூரில் இன்றும் காட்டுவார்கள். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்குமேல் மலைநாட்டில் கைதியாக இருந்து, 1679இல் தப்பி, மன்னாரை அடுத்த அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவனது நூலில் அரசன், சட்டம், உழவு முதலியவற்றுக்கிடையில் எறும்புகளுக்கும் இடம் இருக்கிறது.

கைதியாய்க் கிடந்தவன் எறும்பை ஏன் பார்த்தான் என்பதல்ல, எப்படிப் பார்த்தான் என்பதே வியப்பு. எல்லாவற்றையும் எறும்பு என்று அவன் ஒதுக்கவில்லை. ஊராரிடம் பெயர் கேட்டு அவர்களுடைய சிங்களப் பெயராலேயே ஒவ்வொன்றையும் பிரித்து எழுதினான். மரக்கிளையில் இலைகளை இழுத்துச் சேர்த்து மனிதத் தலையளவு கூடு கட்டும் சிவந்த எறும்பு ஒன்று. நாம் முசுறு என்போம். கறையானுக்குத் தனி இடம் கொடுத்தான். "கடியா" என்ற கறுத்த எறும்பைப் பற்றி அவன் எழுதியிருப்பது அருமையானது. அது கடித்தால் தணல் பட்டதுபோல் எரியும் என்று சொல்லிவிட்டு, ஆனால் அது பெருந்தன்மையுள்ளது, தானாகத் தொடங்காது, மிதிக்காமலும் குழப்பாமலும் இருந்தால் பக்கத்திலேயே நிற்கலாம் என்கிறான். தெருவில் வேலையாய்ப் போகிறவர்களைப்போல் அவை போகின்றன, வருகின்றன, என்ன அலுவலோ எனக்குத் தெரியாது என்றும் ஒப்புக்கொள்கிறான். தன்னைச் சிறைப்பிடித்த நாட்டில் இருந்துகொண்டு ஓர் எறும்புக்கு நியாயம் செய்தவன் அவன்.

ஆனால் அவன் கண்ணுக்கும் தப்பியது ஒன்று இருந்தது. சிறைப்பட்ட மறு ஆண்டு, 1661இல், அவனுடைய தந்தை குளிர்காய்ச்சலால் வாடி இறந்தார். மகனும் அதே காய்ச்சலில் கிடந்து தன் கையாலேயே தந்தைக்குக் குழி தோண்ட வேண்டியதாயிற்று. அந்தக் காய்ச்சல் எங்கிருந்து வருகிறது என்பதை அக்காலத்தில் உலகில் எவரும் அறிந்திருக்கவில்லை. கெட்ட காற்று என்றார்கள், சதுப்பு நிலத்தின் ஆவி என்றார்கள். மாலையில் காதருகே பாடிக்கொண்டு போன நுளம்பை யாரும் விசாரிக்கவில்லை.

விசாரணை முடிய இன்னும் இருநூறு ஆண்டுகளுக்குமேல் சென்றது. அது முடிந்த விதம் நமது பொருளுக்கு மிக நெருக்கமானது. இந்தியாவில் இராணுவ வைத்தியராக இருந்த ரொனால்ட் ரோஸ், மலேரியாவை நுளம்பு பரப்புகிறது என்ற ஐயத்தோடு 1895 முதல் நுளம்புகளைப் பிடித்து நுணுக்குக்காட்டியின்கீழ் அறுத்துப் பார்த்தார். இரண்டு ஆண்டுகளாக ஒன்றும் அகப்படவில்லை. காரணம், அவர் பார்த்தவை எல்லாம் நுளம்பே ஆயினும் வேறு இனங்கள். ஒருநாள் சிறகில் புள்ளிகள் கொண்ட, அவருக்குப் பழக்கமில்லாத மண்ணிற நுளம்பு கிடைத்தது. அதன் இனப்பெயர்கூட அவருக்குத் தெரியாது. 1897 ஓகஸ்ட் 20ஆம் திகதி செக்கந்தராபாத்தில், அதன் வயிற்றுச் சுவரில்தான் மலேரியாக் கிருமியைக் கண்டார். "நுளம்பு" என்ற பொதுச்சொல்லோடு திருப்திப்பட்டிருந்தால் அந்த நாள் வந்திராது.

இலங்கையில் 1934–35இல் சுமார் எண்பதாயிரம் பேரைக் கொண்டுபோன மலேரியா, வெள்ளத்தால் அல்ல, வரட்சியால் வந்தது. ஆறுகள் வற்றி மணலில் குட்டை குட்டையாகத் தேங்கிய தெளிந்த நீரில் பெருகும் ஓரின நுளம்பே இந்நாட்டில் அந்நோயைப் பரப்புவது என்பது அறியப்பட்டிருந்தது. இரவில் மனிதனைக் கடித்தபின் வீட்டுச் சுவரில் தங்கும் அதன் பழக்கத்தை நம்பித்தான் 1940களின் பிற்பகுதியில் வீடு வீடாகச் சுவருக்கு டி.டி.ரி. அடித்தார்கள். 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். விழிப்புக் குறைந்ததும் 1969இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. நெடிய போராட்டத்தின்பின் 2016 செப்டெம்பரில் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனம் வழங்கியது.

அந்த ஆண்டு முடியுமுன்னே, டிசெம்பரில், மன்னார்த் தீவின் கிணறுகளில் மலேரியா தடை இயக்கத்தினர் குடம்பிகளைச் சேகரித்துப் பார்த்தபோது இந்நாட்டில் அதுவரை கண்டிராத ஓர் இனம் அகப்பட்டது. இந்திய நகரங்களில் கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் பெருகி மலேரியாவைப் பரப்பும் ஸ்டெபென்சி என்ற நுளம்பு அது. நோயே இல்லாத நாட்டில், கிணற்றுத் தண்ணீரில் நெளியும் புழுவை ஒருவர் எடுத்து, மற்றவற்றிலிருந்து இது வேறுபடுகிறதே என்று நின்று பார்த்ததை நினைத்துப் பாருங்கள். "நுளம்புக் குடம்பிதானே" என்று ஊற்றிவிட்டுப் போவது எவ்வளவு எளிது!

இனி நமது கரைக்கு வருவோம். 2017ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கிண்ணியாவில் டெங்கு பரவிப் பலர் உயிரிழந்தனர். வைத்தியசாலை நிரம்பி வழிந்தது. பாடசாலைகள் சில நாட்கள் மூடப்பட்டன. அவ்வாண்டு நாடு முழுவதிலும் ஓர் இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்கினால் பீடிக்கப்பட்டனர். அதைப் பரப்பும் நுளம்பு ஆபிரிக்காவிலிருந்து கப்பல்களில் ஏறி உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் குடிவந்தது. துறைமுகத்தில் பயணிகளும் சரக்கும் கையாளப்படும் இடங்களைச் சுற்றிக் குறைந்தது 400 மீற்றருக்கு நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகள் கேட்பது இதனால்தான். ஆனால் எந்தத் துறைமுகத்து அதிகாரியும் நமது குசினி வாசலில் கிடக்கும் சிரட்டையைப் பார்க்க வரமாட்டார்.

சாக்கடை நாற்றத்தில் பிறந்து இராத்திரியில் கடிக்கும் நுளம்பை நாம் எல்லோரும் வெறுக்கிறோம், வலை கட்டுகிறோம். டெங்கு நுளம்போ சுத்தமான தண்ணீரில் பிறக்கிறது. காலையிலும் பின்னேரத்திலும், வெளிச்சத்தில் கடிக்கிறது. உடல் கறுப்பு, கால்களில் வெள்ளை வளையங்கள். அதன் முட்டை பூச்சாடித் தட்டின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாமல் காத்திருந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். ஆகவே தண்ணீரை ஊற்றிவிடுவது போதாது. சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இவ்வளவையும் அறிந்த வீட்டார் எதைத் தேட வேண்டும், எங்கே தேட வேண்டும், எப்போது தேட வேண்டும் என்று அறிவார்கள். அறியாதவர்கள் மாலையில் கதவைச் சாத்திப் புகை போட்டுவிட்டு, பகலில் பிள்ளையைக் கடிக்க விடுகிறார்கள்.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. மற்ற நுளம்புகளைவிடப் பன்மடங்கு பெரிதாய், நீலமும் பச்சையும் மினுங்க, வளைந்த நீண்ட மூக்கோடு ஒரு நுளம்பு சில வேளைகளில் வளவில் காணப்படும். அதைக் கண்டதும் எல்லோரும் பதறி அடிப்பார்கள். அது இரத்தமே குடிப்பதில்லை. பூந்தேனை உறிஞ்சி வாழ்கிறது. அதன் குடம்பி, டெங்கு நுளம்பின் குடம்பிகளைத் தின்று வளர்கிறது. நம் வீட்டுக்காக வேலை செய்வதை அதன் பருமனுக்காகக் கொன்றுவிட்டு, உண்மையான கொலைகாரியைச் சிறியவள் என்று விட்டுவிடுகிறோம்.

ஆகவே முகம் தெரியாத ஒன்று வீட்டுக்குள் வந்தால் என்ன செய்வது? ஒரு கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து மூடி, அடியில் ஒரு மட்டையைச் செருகினால் போதும். கால்கள் ஆறா எட்டா, சிறகு இரண்டா நான்கா, எந்த நேரத்தில் வந்தது, எதன்மேல் இருந்தது என்று பிள்ளைகளையே பார்க்கச் சொல்லலாம். ஆறு கால் என்றால் பூச்சி. எட்டு என்றால் சிலந்தி, தேள், உண்ணி இனம். நுளம்பு, நோய் பற்றிய ஐயமானால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும், பயிரில் கண்டதானால் விவசாயப் போதனாசிரியரிடமும் போத்தலோடு கொண்டுபோய்க் காட்டலாம். தொடக்க நூலின் இரண்டாம் அதிகாரத்தில் இறைவன் உயிர்களை ஆதாமிடம் கொண்டுவந்து, அவன் என்ன பெயரிடுவான் என்று பார்க்கிறார். மனிதனுக்கும் மற்ற உயிர்களுக்கும் இடையில் அங்கே சொல்லப்படும் முதல் தொடர்பு பெயரிடுதல். பார்க்காமல் பெயரிட முடியாது அன்றோ?

பார்ப்பதால் எப்போதும் மனத்துக்கு இதமான விடை கிடைக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. குளவி புழுவைக் கொண்டுபோய்க் கூட்டில் அடைத்து, கொட்டிக் கொட்டித் தன்னைப்போலவே குளவியாக்கிவிடும் என்பது தமிழர் நெடுங்காலம் நம்பிய ஒன்று. குருவின் உபதேசத்தால் சீடன் உருமாறுவதற்கு இதைவிட நல்ல உவமை வேண்டுமா? சைவ, வேதாந்த நூல்களில் மட்டுமல்ல, பிரசங்கங்களிலும் இது எடுத்தாளப்படுவதுண்டு. உவமை அழகானது, செய்தி பிழையானது. நமது சுவர்களில் மண்கூடு கட்டும் குளவிகளில் ஒருவகை மயிரற்ற பச்சைப் புழுக்களையும் இன்னொருவகை சிலந்திகளையும் கொட்டி, சாகாமல் அசையாமல் செய்து, உள்ளே அடுக்கி, கூட்டுக்குள் முட்டையிட்டு மூடுகிறது. முட்டையிலிருந்து வரும் குளவிக்குஞ்சு அந்த உயிருள்ள இரையைத் தின்று வளர்ந்து வெளியே வருகிறது. புழு குளவியாகவில்லை, குளவிக்கு உணவானது.

இத்தகைய குளவிகளை நினைத்துத்தான் சார்ள்ஸ் டார்வின் 1860இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், அன்புள்ள இறைவன் இப்படி ஒன்றை வேண்டுமென்றே படைத்தார் என்று தம்மால் நம்ப முடியவில்லை என்றார். விசுவாசிகளான நாம் அந்த வினாவைக் கேட்காததுபோல் போய்விட முடியாது. குளவி கொடுமை செய்வதை அறிந்து செய்வதில்லை. நன்மை தீமை என்பது தெரிந்தெடுக்கும் சுதந்திரம் உள்ளவனுக்கே உரியது என்று பதில் சொல்லலாம். அது ஒரு பாதிப் பதில் என்றே எனக்குப் படுகிறது. புழுவின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது பதிலே அல்ல. ஆயினும் உண்மையான குளவியை வைத்துக்கொண்டு தடுமாறுவது, இல்லாத குளவியை வைத்துப் பிரசங்கம் செய்வதைவிட நேர்மையானது. அதுவும் போக, அந்தக் குளவி மனிதனைத் தேடி வந்து கொட்டுவது மிக அரிது. முருங்கை, கத்தரி, வெண்டியில் புழுவைக் குறைப்பது அதுதான். கூட்டை இடித்துத் தள்ளுமுன் இதையும் கணக்கில் எடுக்கலாம்.

கடைசியாக ஒரு குருவானவரின் கதை. பிரெஞ்சுப் புரட்சியின்போது பியர் அன்றே லத்ரேய் என்ற குரு, அரசு கேட்ட சத்தியப்பிரமாணத்தைச் செய்யாததால் போர்டோ நகரச் சிறையில் அடைக்கப்பட்டார். கைதிகளைப் பார்வையிட வந்த வைத்தியர், இந்தச் சுவாமி நிலத்தில் ஊர்ந்த ஒரு வண்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். அது அரிதான இனம் என்று லத்ரேய் சொன்னார். வியந்துபோன வைத்தியர் அவ்வண்டை, பூச்சிகளில் நாட்டமுள்ள பதினைந்து வயது இளைஞன் போரி த சான் வன்சானிடம் அனுப்பினார். அவனுக்கு லத்ரேயின் எழுத்துக்கள் ஏற்கெனவே தெரியும். அந்தத் தொடர்பால் அவர் விடுவிக்கப்பட்டார். அவருடன் அடைபட்டிருந்த ஏனையோர் ஒரு மாதத்துக்குள் இறந்துபோயினர். பின்னாளில் அவர் பூச்சியியலின் மிகப் பெரிய ஆசிரியர்களில் ஒருவராகி 1833இல் மறைந்தார். பாரிசிலுள்ள அவரது கல்லறைச் சின்னத்தில் அந்த வண்டின் பெயரும், அது லத்ரேயின் இரட்சகர் என்ற வாசகமும் பொறிக்கப்பட்டன.

அதன் நெருங்கிய உறவு வண்டு ஒன்று நமது கடற்கரையில் உண்டு. சரியாக உப்பிடாமலும் காயாமலும் விட்ட கருவாட்டிலும், கொப்பறாவிலும் ஓடித்திரியும் நீலப்பச்சை மினுக்கமுள்ள சிறு வண்டை வியாபாரிகள் அனைவரும் கண்டிருப்பார்கள். சரக்கைக் கெடுப்பதுதான், அதை வளர விடவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நன்றாக உப்பிட்டுக் காயவைத்துக் காற்றுப்புகாமல் கட்டினால் அது அண்டாது. அதற்குக் கால்கள் சிவப்பு. லத்ரேயின் வண்டுக்குக் கழுத்துப்புறமும் தோளும்கூடச் சிவப்பு.